எஃப் கார்ட் வரவில்லை: குறை விரலிலா, கிட்டாரிலா?

வைகைக்கரை:
மதுரை, வயது 34. ஆறு மாதமாக கிட்டார் கற்கிறேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த பெரிய உடம்பு ட்ரெட்நாட்தான் கையில் இருக்கிறது. டி, ஜி, இ மைனர் கார்ட் (பல கம்பியைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்வரக்கூட்டு) எல்லாம் ஓடுகிறது. சி பிடித்தால் மூன்றாவது ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) போகவேண்டிய மோதிர விரல் பாதி வழியிலேயே நின்று கம்பி இரைகிறது. எஃப் என்றால் கேட்கவே வேண்டாம், ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு உயிர் போக அழுத்தினாலும் இரண்டு கம்பி ‘டொக்’ என்றுதான் கேட்கிறது. நேற்று வாத்தியார் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “விரல் குட்டைம்மா, உகுலேலே எடுத்துக்கோங்க” என்று, நான்கு கம்பி உள்ள அந்தக் குட்டி வாத்தியத்தைச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். கையை முழுக்க விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 17.5 செ.மீ. இது நிஜமான காரணமா, இல்லை பயிற்சி போதாததற்கு மரியாதையான பெயரா? ஆறுதல் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்.

ஆறுகம்பி அண்ணாச்சி:
நேராகவே சொல்கிறேன் தங்கச்சி, சாக்கு. பதினைந்து வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், எஃப் வராதவர்கள் எல்லோரும் விரலைத்தான் குறை சொல்கிறார்கள், ஆறடி ஆளும் அதையேதான் சொல்கிறான். ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போயின, மிச்சம் இருந்த இரண்டு விரலில்தான் அத்தனை ஸோலோவும். பிளாக் சபத் ராக் குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமி 17 வயதில் பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனியைப் பறிகொடுத்தவர். ஏசி/டிசி ராக் குழுவின் ஆங்கஸ் யங் ஐந்தடி சொச்சம்தான். உங்களுக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. ஆறு மாதமெல்லாம் ஒரு கணக்கா? தினமும் பத்து நிமிடம் எஃப் மட்டும் பிடியுங்கள், வலிக்கட்டும், ஒரு நாள் தானாக வரும்.

குட்டிவிரல்:
அண்ணாச்சி இழுத்து வந்த சாட்சிகளில் இரண்டு பேர் என் கட்சி. ஐயோமி பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி மட்டுமா செய்தார்? பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், கிட்டார் கம்பி முரட்டுத்தனமாக இருந்ததால் மெல்லிய பாஞ்சோ கம்பியை மாட்டினார், பிற்பாடு சுருதியையே இறக்கி வைத்து வாசித்தார். ஆங்கஸ் யங் கையில் இருக்கும் கிப்சன் எஸ்ஜி-யின் ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 24.75 அங்குலம், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட முக்கால் அங்குலம் குறைவு. மன உறுதிக்கு உதாரணம் என்று நீங்கள் காட்டும் ஐயோமியே விரலை நொந்துகொண்டு உட்காராமல் கருவியைத்தானே மாற்றினார்?

அக்கா, கணக்கைப் பாருங்கள். 25.5 அங்குல ஸ்கேல் உள்ள கிட்டாரில் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) நான்காவது ஃப்ரெட் கம்பி வரை ஏறக்குறைய 134 மி.மீ. 23 அங்குல லிட்டில் மார்ட்டின் என்ற குட்டிக் கிட்டாரில் அதே தூரம் 120 சொச்சம். 13 மி.மீ. என்பது என் சுண்டுவிரல் அகலம். நீண்ட விரல்காரருக்கு அது ஒன்றுமில்லை, நமக்கு அதுதான் கார்ட் விழுவதற்கும் விழாததற்கும் நடுவில் இருக்கும் இடம். அதே தடிமன் கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசையும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கிவிடும். டெய்லர் ஜிஎஸ் மினி என்ற சின்னக் கிட்டார் 23.5 அங்குலம், அதையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள்.

ஆறுகம்பி அண்ணாச்சி:
ஜாங்கோவை மட்டும் ஏன் தம்பி நைசாக விட்டுவிட்டீர்? அவர் வாசித்த சின்னத் துளை செல்மர் கிட்டாரின் ஸ்கேல் 670 மி.மீ. தங்கச்சியின் ட்ரெட்நாட் 650-ஐத் தொட்டாலே அதிகம். இரண்டு விரலோடு அதைவிட நீளமான கருவியில் வாசித்தவர் அவர். அப்புறம் நீங்கள் சொல்லும் குட்டிக் கிட்டார்களின் விலைக்கு அவர் கையில் இருப்பதைப் போல நான்கு வாங்கலாம். எஃப் வரவில்லை என்று வந்தவரைக் கடைக்கு அனுப்பி வைப்பது ஒரு யோசனையா?

குட்டிவிரல்:
ஜாங்கோ உங்கள் எஃப்-ஐப் பிடிக்கவில்லையே அண்ணாச்சி. தன் விரலுக்கு எது எட்டுமோ அந்த வடிவங்களைக் கண்டுபிடித்துப் பிடித்தார். அக்காவின் வாத்தியார் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். கீழே இருக்கும் நான்கு கம்பி மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் இருக்கிறது, ஆள்காட்டி விரல் இரண்டு கம்பியை மட்டும் அமுக்கினால் போதும், பாட்டுக்குத் துணை வாசிக்க அதுவே தாராளம். அதை விட்டுவிட்டு உகுலேலே வாங்கு என்றால் என்ன அர்த்தம்?

நட்டுக்காரன்:
இவ்வளவு நேரம் எல்லோரும் விரலை அளக்கிறீர்கள், கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். பட்ஜெட் கிட்டார்களில் நான் அடிக்கடி பார்ப்பது, நட்டில் வெட்டிய காடி ஆழம் போதாமல் கம்பி தூக்கி நிற்பது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பார்த்தால் நல்லபடியாகத் தெரியும், முதல் ஃப்ரெட்டில்தான் குட்டு வெளிப்படும். எஃப் விழுவது அந்த முதல் ஃப்ரெட்டில்தானே!

அம்மா, ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட் கம்பிக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி அளவு இருந்தால் நட் சரி. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட்தான் குற்றவாளி, நீங்கள் இல்லை. எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும் அந்தச் சின்னத் துண்டை அரம் வைத்து இறக்கவேண்டும். நீங்களே செய்யாதீர்கள், ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டிலேயே அதிரும், அப்புறம் புது நட்தான்.

இடக்கால்:
நான் கிளாசிக்கல். எங்கள் கிட்டார் 650 மி.மீ., நட் அகலம் 52 மி.மீ., உங்கள் ஸ்டீல் கம்பிக் கிட்டார் 43 பக்கம்தான். எங்கள் வகுப்பில் உங்களைவிடச் சின்னக் கை உள்ள இரண்டு பெண்கள் இதில் பார் (ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டுப் பல கம்பியை அமுக்குவது) பிடிக்கிறார்கள். காரணம் உட்காரும் விதம். கிட்டாரை இடது தொடையில் வைத்து, காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, தலைப்பகுதி கண் உயரத்துக்கு வருமளவு நெக்கைத் தூக்குகிறோம். மணிக்கட்டு நேராகிவிடும், கட்டைவிரல் நெக்கின் பின்பக்கம் நடுவில் போய் உட்காரும், விரல்கள் தாமாக விரியும். சோபாவில் சாய்ந்து, வலது தொடையில் ட்ரெட்நாட்டைப் படுக்கப் போட்டு, கட்டைவிரல் மேல் விளிம்பில் எட்டிப் பார்க்க வாசித்தால் யாருக்கும் இரண்டு செ.மீ. காணாமல்தான் போகும். நீங்கள் எப்படி உட்கார்கிறீர்கள்?

வைகைக்கரை:
சோபா இல்லை, கட்டில். மற்றதெல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். இன்னொன்றும் இருக்கிறது, பெட்டி ஆழமாக இருப்பதால் வலது தோள் மேலே ஏறிக்கொள்கிறது. பத்து நிமிடம் எஃப் பிடித்தால் இடது மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு இழுப்பு வருகிறது, மறுநாள் காலையில் சப்பாத்தி மாவு பிசையும்போதும் தெரிகிறது. அண்ணாச்சி ‘வலிக்கட்டும்’ என்றாரே, இதுவும் அந்த வலிதானா?

சனிக்கிழமை வாசிப்பான்:
இல்லவே இல்லை, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரல் நுனி எரிவது காய்ப்பு ஏறும்வரை இருக்கும், சில வாரத்தில் போய்விடும். மணிக்கட்டில் இழுப்பது வேறு. நான் இதே மாதிரி ஒரு வீம்பில் நான்கு விரலை நான்கு ஃப்ரெட்டுக்கு விரிக்கும் பயிற்சியை முதல் ஃப்ரெட்டிலிருந்து தினமும் அரை மணி நேரம் செய்து, கடைசியில் பிசியோதெரபியில் போய் நின்றேன், மூன்று மாதம் கிட்டார் பெட்டியிலேயே கிடந்தது. அதே பயிற்சியை ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கீழே இறங்கி வந்திருக்கலாம். மேலே போகப் போக ஃப்ரெட் நெருங்குகிறது என்று பார்த்தாலே தெரிகிறது, அது ஏனோ எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறுகம்பி அண்ணாச்சி:
மணிக்கட்டு வலி என்றால் நிறுத்தத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை, நான் சொன்னது நுனி விரல் வலியை. ஆனால் பாருங்கள், நட் என்கிறார் ஒருவர், உட்காரும் விதம் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே விரல் குட்டை என்று சொல்லவில்லை. நான் சொன்னதும் அதுதானே?

குட்டிவிரல்:
நீங்கள் சொன்னது ‘சாக்கு’ அண்ணாச்சி. மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

அக்கா, புதுக் கிட்டார் வாங்கும்முன் காப்போ (எல்லாக் கம்பியையும் ஒரு ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டுப் பாருங்கள். 25.5 அங்குல கிட்டாரில் இரண்டாவது ஃப்ரெட்டில் காப்போ போட்டால் மிச்ச நீளம் 577 மி.மீ., அதாவது 22.7 அங்குலம், பேபி டெய்லர் என்ற குட்டிக் கிட்டாரின் அளவுக்கு வந்துவிடும். அதில் எஃப் வந்தால் உங்களுக்குச் சின்னக் கிட்டார்தான் பொருந்தும்.

ஆறுகம்பி அண்ணாச்சி:
காப்போ ஊன்றுகோல். ஊன்றிப் பழகியவன் ஊன்றிக்கொண்டேதான் நடப்பான்.

குட்டிவிரல்:
வயலின் வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளைக்கு முழு வயலினைக் கொடுத்து விரலை நீட்டு என்கிறார்களா? அரை, முக்கால் என்று கைக்குத் தக்க அளவில் கொடுக்கிறார்கள், யாரும் அதை ஊன்றுகோல் என்று சொல்வதில்லை. பெரியவர்களாகியும் கை வளராதவர்களுக்கு மட்டும் இந்த உபதேசம் எதற்கு?

நட்டுக்காரன்:
தம்பியின் காப்போ சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. காப்போ ஃப்ரெட்டையும் நெருக்குகிறது, நட்டையும் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறது. எஃப் வந்துவிட்டால் இரண்டில் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதனால் முதல் ஃப்ரெட்டில் மட்டும் போடுங்கள். அங்கே அகலம் ஆறு சதவீதத்துக்குள்தான் குறையும், நட்டின் கோளாறோ முழுசாகப் போய்விடும். அதிலேயே எஃப் திடீரென்று விழுந்தால் நட்மேல்தான் சந்தேகப்படவேண்டும். இன்னொரு தந்திரம், எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கிவிட்டு முதல் ஃப்ரெட்டில் காப்போ போட்டால் சுருதி பழையபடி இருக்கும், இழுவிசை பதினொரு சதவீதம் குறைந்துவிடும். தடித்த 12 செட் கம்பி போட்டிருந்தால் மெல்லிய 10 செட்டுக்கு மாறுங்கள், சத்தம் கொஞ்சம் மெலியும், பரவாயில்லை.

வைகைக்கரை:
பத்து நாள் கழித்து வருகிறேன். காப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்ட அன்றைக்கே எஃப்-இல் செத்துக் கிடந்த இரண்டு கம்பியில் ஒன்று பேசிவிட்டது. விசிட்டிங் கார்டு சோதனையும் செய்தேன், கார்டு நுழைந்து நின்றது. இங்கே ஹார்மோனியம் சரிசெய்யும் பெரியவர் ஒருவர் கிட்டாரும் பார்க்கிறார். அவர் என்னை வாசிக்கச் சொல்லவே இல்லை, கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கி, ஒவ்வொரு காடியிலும் அரத்தை இரண்டு இழுப்பு, ஊதிவிட்டு மறுபடி மாட்டி, அழுத்திப் பார்த்து, மறுபடி ஒரு இழுப்பு. முக்கால் மணி நேரம், இருநூறு ரூபாய். காப்போ இல்லாமல் இப்போது எஃப்-இல் ஐந்து கம்பி கேட்கிறது. கட்டிலை விட்டு ஸ்டூலுக்கும் மாறிவிட்டேன், மணிக்கட்டு இழுப்பு பாதியாகிவிட்டது.

சி மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மோதிர விரல் மூன்றாவது ஃப்ரெட் கம்பிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிறது, மூன்றில் ஒரு தடவை இரைகிறது.

ஆறுகம்பி அண்ணாச்சி:
ஐந்து கம்பி கேட்டுவிட்டதல்லவா, அப்புறம் என்ன. சி-யும் வரும், பிடித்துக்கொண்டே இருங்கள்.

குட்டிவிரல்:
நட் சரி, ஸ்டூல் சரி, அதன் பிறகும் ஒரு விரற்கடை எட்டவில்லை என்கிறார். அந்த ஒரு விரற்கடைக்கு என்ன பெயர் அண்ணாச்சி?

வைகைக்கரை:
நீங்கள் பெயர் வைத்து முடியுங்கள். அத்தை மகனிடம் ஒரு ஜிஎஸ் மினி இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறான். அதில் சி பிடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.