நான்கு நாள் குழந்தைக்குப் பாவம் உண்டா?

பனைநிழல்

போன மாதம் என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. நான்கு நாள் இன்குபேட்டரில் இருந்தாள், அப்புறம் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு அத்தான்தான் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். அக்கா பின்னி வைத்திருந்த மஞ்சள் குல்லா தலைக்குப் பெரிது. வண்டி குலுங்கும்போதெல்லாம் கண்ணுக்கு மேல் இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு விரலால் அதை மேலே ஏற்றிவிட்டார். கல்லறைத் தோட்டம் வரும்வரை அதைத்தான் செய்துகொண்டு வந்தார்.

குழிக்குப் பக்கத்தில் எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?" இல்லை என்றோம். "ஜென்மபாவம் கழுவாமலே போயிட்டே" என்று உச்சுக்கொட்டினார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அக்கா ராத்திரி எழுந்து உட்கார்ந்து "என் பிள்ளை எங்கே இருக்கா?" என்று கேட்கிறாள்.

எனக்கு இரண்டு கேள்விகள். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத குழந்தைக்கு என்ன பாவம்? மனிதனைத் தேவன் ஒரு நோக்கத்தோடு படைத்தார் என்கிறோமே, நான்கு நாளுக்கு என்ன நோக்கம்?

பெரோயன்

சகோதரி, முதலில் உங்கள் அக்காவுக்காக ஜெபிக்கிறேன். அந்தப் பெரியவர் அந்த இடத்தில் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

ஆனால் ஆறுதலுக்காக வேதத்தை வளைக்க என்னால் முடியாது. தாவீது "என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்கிறான் (சங்கீதம் 51). பவுல் "சுபாவத்தினாலே கோபாக்கினையின் பிள்ளைகள்" என்கிறார் (எபேசியர் 2). பாவம் என்பது நாம் செய்கிற காரியம் மட்டும் இல்லை, நாம் இருக்கிற நிலையும்தான். ஆதாம் நமக்கெல்லாம் தலைவனாக நின்றான், விழுந்தான், அவனோடு நாமும் விழுந்தோம். இது அநியாயம் என்று தோன்றும். அப்படியானால் கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் வருவதும் அநியாயம்தானே? "ஆதாமுக்குள் எல்லாரும்" என்ற பாதியைக் கிழித்துவிட்டு "கிறிஸ்துவுக்குள் எல்லாரும்" என்ற பாதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

தண்ணீர் படவில்லை என்பதற்காக ஒரு குழந்தை கெட்டுப்போகும் என்று நான் நம்பவில்லை. இரட்சிப்பது கிருபை, தண்ணீர் அல்ல. அந்தப் பெரியவர் தவறியது அங்கேதான். குழந்தைக்கும் இரட்சகர் தேவை என்பதில் தவறவில்லை.

வைகறை

நான் பதினேழு வயதுவரை ஞாயிறு பள்ளிக்குப் போனவன். இப்போது நம்பிக்கை இல்லை. அதற்கு இந்தக் கோட்பாடு முக்கியமான காரணம், அதனால் எழுதுகிறேன்.

பிறப்பிலேயே ஒருவன் கறைபட்டவன் என்று சொல்வதை எதிர்த்துத்தான் நம் ஊரில் நூறு வருடத்துக்கு மேலாகப் போராடிக்கொண்டிருக்கிறோம். "நீ என்ன செய்தாய்" என்று கேட்காமல் "நீ யாருக்குப் பிறந்தாய்" என்று கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று நமக்குத் தெரியும். அதையே ஆதாம் பெயரில் சொன்னால் மட்டும் எப்படி நியாயம் ஆகும்? உங்கள் வேதத்திலேயே எசேக்கியேல் 18 இருக்கிறது: குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. அதே பழைய ஏற்பாட்டைப் படிக்கிற யூதர்கள், ஆதாமின் குற்றம் பிறவியிலேயே நம்மேல் இருக்கிறது என்று சொல்வதில்லை. அப்படியிருக்க இது எங்கிருந்து வந்தது?

சகோதரி, உங்கள் அக்கா மகள் எந்தக் குற்றமும் இல்லாமல் வந்தாள், அப்படியே போனாள். இதைச் சொல்ல எனக்கு எந்த வசனமும் தேவைப்படவில்லை.

ஏட்டுச்சுவடி

வைகறை கேட்ட "எங்கிருந்து வந்தது" என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும்போதே ஆதாமின் குற்றம் நம்மேல் இருக்கிறது என்று அழுத்தமாக வகுத்துச் சொன்னவர் அகுஸ்தீன் (354–430). இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர். அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் பெலாகியு, பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் "நான் பலவீனன், என்ன செய்ய" என்று சொல்லிக்கொண்டு சுகமாக வாழ்வதைப் பார்த்து அவருக்குக் கோபம். தேவன் கட்டளை கொடுத்தார் என்றால் அதைச் செய்யும் திறனையும் கொடுத்திருக்கிறார், ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான் என்றார். 418-ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியு பக்கத்தைக் கண்டித்தது.

அகுஸ்தீன் கல்நெஞ்சர் இல்லை. குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தவர். தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை, இன்னும் பேச்சே வராத ஒரு குழந்தை முகம் வெளுத்து முறைப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். ஆனால் தன் தர்க்கத்தை விட்டுக்கொடுக்க முடியாமல், ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைக்குத் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசான தண்டனை என்ற இடத்துக்குப் போய்விட்டார். பனைநிழலின் அக்கா ராத்திரி தூங்காமல் இருப்பதற்கு வேர் அந்த வரியில் இருக்கிறது.

இன்னொன்று. அவர் ரோமர் 5:12-ஐப் படித்தது லத்தீனில். அங்கே "அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்" என்று படிக்க இடம் இருந்தது. கிரேக்க மூலத்தை "எல்லாரும் பாவம் செய்ததால்" என்று படிப்பதுதான் பொருத்தம் என்று இன்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்றுதான் இருக்கிறது! கிரேக்க மொழியில் சிந்தித்த கீழைத் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் சீர்கேடும், குற்றம் அல்ல என்றே இன்றுவரை போதிக்கின்றன. இரண்டாம் நூற்றாண்டில் இரேனியு என்ற ஆயர் ஆதாமையும் ஏவாளையும் வளர வேண்டிய பிள்ளைகளாகவே பார்த்தார். மனிதன் தேவனை நோக்கி வளர்வதற்காகப் படைக்கப்பட்டவன், வளரும் வழியில் தடுக்கி விழுந்தவன். எனக்கு இந்தப் பார்வைதான் ஆதியாகமத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

முத்துக்கரை

நான் கத்தோலிக்கன். என் பாட்டி எங்கள் கடற்கரை ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர். மூச்சு இழுக்கிற குழந்தை பிறந்தால் தாய்க்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது சபைச் சட்டம். அதற்கென்றே ஒரு பித்தளைச் சொம்பு மாடத்தில் நிறைந்து இருக்கும். பிந்திப்போன குழந்தைகளை நினைத்து அவர் கடைசிவரை அழுததையும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குழந்தைகள் மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத ஒரு விளிம்பில் இருப்பார்கள் என்று இடைக்கால இறையியலாளர்கள் பலர் சொன்னார்கள். அது எப்போதும் விசுவாசக் கோட்பாடு ஆகவில்லை. ஆனால் மக்கள் அதை நம்பினார்கள், அயர்லாந்தில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே தனிப் புதைகுழி நிலங்கள் இருந்தன. 1992-ல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அந்தக் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. 2007-ல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம், அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குத் திடமான காரணங்கள் உண்டு என்று எழுதியது. சென்மப் பாவம் என்பது ஆதாமின் வழிவந்த யாருக்கும் தனிப்பட்ட குற்றமாக ஆகாது என்பதும் அதே மறைக்கல்வி நூலில் இருக்கிறது. வாங்கிக்கொண்டது, செய்தது அல்ல. என் பாட்டி இதைக் கேட்டிருக்க வேண்டும்.

திருநெறி

சைவனாக ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் சித்தாந்தத்தில் ஆணவ மலம், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் இருள், செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருக்கிறது. யாரும் தவறு செய்து அதை வரவழைக்கவில்லை. அதனால் யார்மேலும் பழி இல்லை, அருளால் நீங்க வேண்டியது என்பதோடு சரி. ஆதாம் என்ற ஒருவர் தலையில் ஏற்றாமலே மனிதனின் இருளை விளக்க முடிகிறதே? இங்கே நடக்கிற சண்டைக்கே இடமில்லாமல் போகிறது.

பெரோயன்

திருநெறி ஐயா, நல்ல ஒப்பீடு. வேறுபாடும் அங்கேதான் தெரிகிறது. களிம்பு செம்போடு அநாதியாக இருக்கிறது என்றால், களிம்பில்லாத மனிதன் ஒருநாளும் இருந்ததில்லை. எங்களுக்கு ஆதியாகமம் ஒன்றாம் அதிகாரம் மூன்றாம் அதிகாரத்துக்கு முன்னால் வருகிறது. முதலில் "மிகவும் நன்றாயிருந்தது", அப்புறம்தான் ஆதாம் கட்டளையை மீறிய விழுகை. தீமை எங்கள் இயல்பு அல்ல, இயல்புக்கு வந்த நோய். அதனால்தான் ஆதாமைப் பற்றிப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

ஏட்டுச்சுவடி, ஒரு வசனத்தின் மொழிபெயர்ப்பு தவறு என்று வைத்துக்கொண்டாலும், அதே அதிகாரம் 19-ஆம் வசனம் "ஒரே மனுஷனுடைய கீழ்ப்படியாமையினாலே அநேகர் பாவிகளாக்கப்பட்டதுபோல" என்கிறதே. அதை எந்த மொழியில் படித்தாலும் அப்படித்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து நம்பவில்லை. என் அப்பா குடிப்பார், கை ஓங்குவார். நான் அவரைப்போல் ஆகக் கூடாது என்று சபதம் எடுத்தேன், குடியைத் தொட்டதில்லை. போன வருடம் பேனா மூடியைத் தொலைத்ததற்காக என் மகனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தான். சின்ன வயதில் நான் எப்படிக் குனிவேனோ அச்சாக அப்படியே. ஓங்கிய கை என் அப்பாவின் கை. நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் அது என்னுடைய கைதான். "விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7 சொல்வதை அன்று கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். இதற்கு ஜென்மபாவம் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வைகறை

பெரோயன் சகோ, இதை எழுதியதற்கு உங்களை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கை உங்களுக்கு வந்தது ஏதேன் தோட்டத்திலிருந்து இல்லை, உங்கள் அப்பாவிடமிருந்து. அடி வாங்கிய பிள்ளை அடிக்கப் பழகுகிறது. அதைப் புரிந்துகொண்டால் மாற்றலாம். பாவ சுபாவம் என்று பெயர் வைத்தால், மாறவே முடியாது என்று ஒரு பிள்ளை நம்பிவிடும். நான் நம்பினேன். பன்னிரண்டு வயதில் என்னையே அருவருத்துக்கொண்டு திரிந்தேன்.

முத்துக்கரை

வைகறை, "பிறப்பால் கறை" என்று நீங்கள் சொன்னது என்னை ரெண்டு நாளாக விடவில்லை. ஆனால் சாதி, சிலர் பிறப்பால் தூய்மை, சிலர் பிறப்பால் தீட்டு என்கிறது. சென்மப் பாவமோ பாப்பரசர், பண்ணையார், தோட்டி எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. யாரும் யாருக்கும் மேலே நின்று பேச முடியாது. எனக்கு அது சமத்துவமாகத்தான் தெரிகிறது.

வைகறை

ஏட்டில் அப்படி. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிகளைப் பிரித்து நிறுத்திய சுவர் 1910-ல்தான் இடிந்தது. எல்லாரும் பாவிகள் என்று பாடிக்கொண்டே சுவருக்கு இரண்டு பக்கமும் மண்டியிட்டார்கள்.

முத்துக்கரை

உண்மை. அந்தச் சுவருக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அது எங்கள் பாவம்.

ஏட்டுச்சுவடி

அந்தச் சுவரைக் கேள்வி கேட்கக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே ஆயுதம் இருக்கிறது, அது ஜென்மபாவத்தைவிட முந்தியது: தேவசாயல், அதாவது மனிதன் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டவன் என்பது. பனைநிழலின் இரண்டாவது கேள்வியை நாம் யாருமே தொடவில்லை, அதற்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன்.

பழங்கால எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியது. ஆதியாகமம் அந்தப் பட்டத்தை எடுத்து ஆண், பெண் எல்லாருக்கும் கொடுக்கிறது. விழுகைக்குப் பிறகும் அதைத் திரும்ப வாங்கவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் நோவாவிடம், மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன், அதனால் அவன் இரத்தத்தைச் சிந்தாதே என்று சொல்லப்படுகிறது. 1511-ல் ஹிஸ்பானியோலா தீவில் அந்தோனியோ மோந்தெசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி, பூர்வகுடிகளை வதைத்த ஸ்பானியர்களைப் பார்த்துப் பிரசங்க மேடையிலிருந்து "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று கேட்டதும் இந்த நிலத்தில் நின்றுதான்.

சாயல் என்பது பகுத்தறிவு என்று சிலர் விளக்கினார்கள். அப்படியானால் நான்கு நாள் குழந்தைக்கு அது பாதிதான் இருக்கும். நான் அதை ஏற்கவில்லை. சாயல் என்பது திறமை இல்லை, உறவு. தேவன் ஒருவரைத் தம்முடையவர் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். 1647-ல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் முதல் கேள்வியே மனிதனின் தலையாய நோக்கம் என்ன என்பதுதான். பதில்: தேவனை மகிமைப்படுத்துவதும், என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும். சம்பாதிப்பது, சாதிப்பது எதுவும் அந்தப் பதிலில் இல்லை. அந்தக் குழந்தையின் நோக்கம் நான்கு நாளில் முடிந்துபோகவில்லை என்று நான் விசுவாசிக்கிறேன்.

வைகறை

எனக்கு அந்த "என்றென்றும்" வேண்டியிருக்கவில்லை. நான்கு நாள் அவள் அம்மாவின் குரலைக் கேட்டாள், அம்மா அவள் விரலைப் பிடித்தாள். அது எதற்கோ வழியாக இருக்க வேண்டுமா? அதுவே போதாதா? ஆனால் சாயல் என்று நீங்கள் எழுதியதை என் பன்னிரண்டு வயதில் யாராவது முதலில் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு மூன்றாம் அதிகாரத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

பெரோயன்

நானும் ஞாயிறு பள்ளியில் மூன்றாம் அதிகாரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். இதை யோசிக்க வேண்டும். மனிதன் விழுந்தவன் என்பதை மட்டும் விடமாட்டேன்.

பனைநிழல் சகோதரி, நேற்று 2 சாமுவேல் 12-ஐ மறுபடி படித்தேன். தாவீதின் குழந்தை ஏழாம் நாளில் செத்துப்போகிறது. விருத்தசேதனம் எட்டாம் நாள். அதாவது உடன்படிக்கையின் அடையாளம் பெறாமலே போன குழந்தை அது. இத்தனை வருடம் படித்தும் இந்தக் கணக்கு என் கண்ணில் படவில்லை. பாவத்தில் கர்ப்பந்தரித்தாள் என்று பாடிய அதே தாவீது, அடையாளம் இல்லாத அந்தக் குழந்தையைப் பற்றி "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்கிறான். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

பனைநிழல்

சொன்னேன். அக்கா வேதாகமத்தை வாங்கி அவளே படித்தாள். ஏழு, எட்டு என்று விரல் விட்டு எண்ணினாள். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

வைகறை அண்ணன் எழுதியதையும் படித்துக் காட்டினேன். விரலைப் பிடித்தது என்ற இடத்தில் அழுதாள்.

ராத்திரி படுக்கும்போது, குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தேன் என்றாள். ஞானஸ்நானத்தில் சொல்லாத பெயரைக் கல்லறையில் எழுதக் கூடாதோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளாம். சிலுவையில் இப்போது தேதி மட்டும்தான் இருக்கிறது. சனிக்கிழமை அத்தான் பெயிண்டும் மெல்லிய பிரஷும் வாங்கிக்கொண்டு போகிறார்.