டிராமடர்ஜி: ‘ஆடற்பொருள்கோள்’ என்று சொல்லலாமா?

நண்பர்களே,

தற்கால நடனத்தில் வரும் டிராமடர்ஜி என்பது, படைப்பின் பகுதிகளைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, பொருள்பட இணைக்கும் வேலை. அதற்குத் தமிழில் சொல்லப்படும் ‘நாடகவாக்கம்’, ‘கதையமைப்பு’ என்ற இரண்டையுமே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பௌஷின் குழுவில் 1980களில் ரைமுண்ட் ஹோகே டிராமடர்காக, அதாவது இந்த வேலையைச் செய்பவராக, இருந்தார். அங்கே பௌஷ் கேள்வி கேட்பார். ஆடுநர்கள் அசைவாலும் பேச்சாலும் விடை தருவார்கள். அந்தத் துணுக்குகளில் எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எது என்பதில்தான் படைப்பு உருவானது. எழுதி வைத்த நாடகமோ கதையோ கிடையாது.

என் பரிந்துரை ‘ஆடற்பொருள்கோள்’. செய்யுளின் சொற்களையும் அடிகளையும் எப்படிக் கூட்டிப் பொருள் காண்பது என்பதே பொருள்கோள்; அதற்கு நன்னூல் எட்டு வகை சொல்கிறது. கொண்டுகூட்டில், வெவ்வேறு அடிகளில் கிடக்கும் சொற்களை எடுத்து இணைக்கிறோம். தொடக்கத்தில் வந்த கையசைவுக்குக் கடைசிப் பகுதியில் விடை கிடைக்கும் நடனத்தை நாம் பார்ப்பதும் அப்படித்தான். அடிமறிமாற்றில் அடிகள் இடம் மாறினாலும் பொருள் கெடாது. நாணயம் சுண்டி அசைவுகளின் வரிசையை முடிவு செய்த அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமை விளக்க இதைவிட நல்ல சொல் நம்மிடம் இல்லை.

பொருள்கோள் படிப்பவர் வேலை, படைப்பவர் வேலை அல்ல என்று மறுக்கலாம். ஆனால் டிராமடர்க் ஒத்திகையின் முதல் பார்வையாளர். பார்ப்பவர் இதை எப்படிக் கூட்டிப் பார்ப்பார் என்று அரங்கேறும் முன்பே கேட்பவர். ஆகவே சொல் சரியாகவே உட்காருகிறது.

‘உடையலங்காரம்’ என்பதையும் மாற்ற வேண்டும். அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரகாம் 1930இல் ஆடிய ‘லாமென்டேஷன்’ தனிநடனத்தில், இழுபடும் துணிக்குழாய்க்குள் அமர்ந்தபடி உடலை முறுக்குகிறார். முகமும் கைகளும் பாதங்களும் மட்டுமே வெளியே. துணி விறைக்கும் கோடுகளில்தான் துயரம் தெரிகிறது. அந்த உடையைக் கழற்றினால் நடனமே இல்லை. 1997இல் கன்னிங்ஹாமின் ‘சினாரியோ’ நடனத்துக்கு ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ, முதுகிலும் இடுப்பிலும் திண்டு வைத்துத் தைத்தார், உடலின் உருவமே மாறிப்போனது. இதையெல்லாம் அலங்காரம் என்பது அநியாயம். ஆடுகளம் போல வினைத்தொகையாக ‘ஆடுடை’ என்போம். ஆடுடை வடிவமைப்பாளரும் முதல் ஒத்திகையிலிருந்தே உடனிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் வரும் துணி, அதுவரை கூட்டிய பொருளைக் கலைத்துவிடும்.

டிராமடர்க் என்ற ஆளைக் குறிக்க ‘பொருள்கோளர்’ போதும். ‘பொருள்கோளாசிரியர்’ வேண்டாம்; சிலப்பதிகாரத்து ஆடலாசிரியனுக்கு நேரான இடம் நடன அமைப்பாளருடையது. மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.