யாத்திரையே சடங்கா, சடங்குக்குப் போகும் வழியா?

செம்பூரிலிருந்து:

கோயிலில் நடக்கும் பூஜைதான் சடங்கு, போய்வருவது வெறும் பயணம் என்று எங்கள் பஜனைக் குழுவிலேயே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சபரிமலைக்குப் போகும் எவரும் குர்லாவில் ரயில் ஏறும்போது யாத்திரை தொடங்குவதாகச் சொல்ல மாட்டார். மாலை போட்ட அன்றே தொடங்கிவிடுகிறது. 41 நாள் விரதம், விடியுமுன் குளியல், தரையில் படுக்கை. ஓர் அறை வீட்டில் குடும்பமே வாழும் மும்பையில் இதைக் காப்பது பெரும்பாடு. வீட்டுப் பெண்கள் மலைக்கு வராமலே பாதி விரதம் இருக்கிறார்கள்.

இருமுடிக் கட்டு நிறைக்கும்போது கவனித்திருப்பீர்கள். தேங்காயின் கண்ணைத் திறந்து, நீரை வடித்து, நெய் நிரப்புகிறோம். அது முன்முடிக்கு. பின்முடியில் இருப்பதோ வழியில் நமக்கு வேண்டிய அரிசியும் பருப்பும். சாமிக்குரிய நெய்யையும் நம் வழிச்சாப்பாட்டையும் ஒரே கட்டாகக் கட்டி, சரணம் சொல்லி, தலையில் ஏற்றுகிறார் குருசாமி. அப்படியிருக்க, வழியை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது? இருமுடி இல்லாதவருக்கும் தரிசனம் உண்டு; பதினெட்டாம் படி ஏறத்தான் முடியாது.

தாராவியிலிருந்து:

அண்ணன் சொல்வது ஹஜ்ஜுக்கும் பொருந்தும். என் வாப்பா விமான நிலையத்துக்குப் புறப்படும்போதே ஹஜ்ஜுக்கான இஹ்ராம் உடையை உடுத்திக்கொண்டார். தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகள். இஹ்ராம் இல்லாமல் ஹஜ்ஜுக்குப் போகிறவர் தாண்டக் கூடாத மீகாத் எல்லையை விமானம் வானத்திலேயே கடந்துவிடும், அதற்குள் நிய்யத் (ஹஜ் செய்கிறேன் என்ற மன உறுதி) வைத்தாக வேண்டும். பிறகு நறுமணம் பூசக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. இருக்கையில் உட்கார்ந்தபடியே வணக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறார்.

உம்மா அதிகம் பேசுவது மக்காவுக்கு அருகிலுள்ள அரஃபா வெளியைப் பற்றி. துல்ஹஜ் மாதம் 9ஆம் நாள் நண்பகலிலிருந்து சூரியன் மறையும்வரை அந்த வெளியில் தங்கி துஆ (பிரார்த்தனை) கேட்க வேண்டும். அங்கே கஅபாவைச் சுற்றிவரும் தவாஃப் இல்லை, கல்லெறிதல் இல்லை. ஆனால் அதைத் தவறவிட்டால் ஹஜ்ஜே இல்லை. உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்திருப்பதுதான் வணக்கம்.

முலுண்டிலிருந்து:

நீங்கள் இருவரும் விதிகளை வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளுடன் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குப் போகும் வாரி என்ற நடைப்பயணத்தில் சில நாள் நடந்தேன். பல்லக்கில் ஞானேசுவரரின் பாதுகைகள், பெண்கள் தலையில் துளசி மாடம், ஓயாத அபங்கப் பாட்டு. ஆஷாட ஏகாதசியன்று பண்டரிபுரத்துச் சாமி விட்டலனைக் காண வரிசை அவ்வளவு நீளம். பலர் கோயில் கலசத்தைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். "உங்களுக்கு வருத்தமில்லையா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "நடந்து வந்தேனே, அதை அவன் பார்த்தானே" என்றார். வாரி நிறைவேறவில்லை என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்துபோனவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். கொடியேற்றத்துக்கு முன்பே விரதம் தொடங்குவீர்களா, நடக்கும் நாள்களில் மட்டும்தானா?