எலி வீடியோவும் இந்த வருட நிதியும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

மஸ்கட் தம்பி அனுப்பிய, கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் எலி வீடியோவைப் பார்த்துவிட்டு, சங்க நிதியில் ஒரு பங்கை இலங்கையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குக் கொடுக்கலாமே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஒசூர் மாமாவுக்கு அதில் சம்மதம் இல்லை. "இலங்கையில் 2009-லேயே சண்டை முடிந்தது. இன்னும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் எங்கேயோ காசு கரைகிறது" என்கிறார். நியாயமான கேள்விதான்.

முதலில் எலி. அது நிஜம். அபோபோ என்ற பெல்ஜிய அமைப்பு தான்சானியாவில் அந்தப் பெரிய எலிகளைப் பழக்குகிறது. மகாவா என்ற எலி கம்போடியாவில் மொத்தம் 71 கண்ணிவெடிகளைக் காட்டிக்கொடுத்தது. 2020-ல் தங்கப் பதக்கமே வாங்கியது. ஆனால் எலி சுரண்டிக் காட்டியதும் வேலை முடிந்துவிடாது. அதற்கப்புறம் மனுஷன்தான் மண்டியிட்டு அதை எடுக்க வேண்டும். வீடியோவில் அந்தப் பகுதி வராது.

யாழ்ப்பாணம் போகிற ஏ9 சாலையில் முகமாலை என்று ஓர் இடம். பல வருடம் இலங்கை ராணுவமும் புலிகளும் எதிரெதிரே மண் அணை போட்டு உட்கார்ந்திருந்த முன்னணி. இரண்டு தரப்பும் மிதிவெடிகளைப் புதைத்துக்கொண்டே இருந்தார்கள். எங்கே எதைப் போட்டோம் என்ற முழுக் கணக்கு யாரிடமும் கிடையாது. பாகிஸ்தான் தயாரிப்பான பி4 வெடிக்கு பிளாஸ்டிக் உடம்பு. உள்ளே இரும்பு துளிதான். புலிகள் கையால் செய்த மரப்பெட்டி வெடிகளும் உண்டு. உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டர் கருவி பி4-க்குச் சரியாகக் கத்தாது, அதே சமயம் ஷெல் துண்டுக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் ஓயாமல் கத்தும். அதனால் பல இடங்களில் நீளக் கைப்பிடி போட்ட இரும்பு முள்வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மீட்டர் அகலப் பாதை, இரண்டு பக்கமும் குச்சி நட்டு அடையாளம், நெஞ்சுக்குக் கனமான கவசம், முகத்துக்குத் தடிமனான கண்ணாடி, மேலே வடக்கு இலங்கை வெயில்.

பர்கூர் பக்கம் கல்குவாரியில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்துக் குழியில் மருந்து வைத்து ஒன்பதுதான் வெடித்தது என்றால், மிச்சக் குழி எதுவென்று தெரிகிறவரை ஒருத்தரும் கிட்டப் போகமாட்டார்கள். குவாரியிலாவது மொத்தம் எத்தனை குழி என்று தெரியும்.

ஆகவே மாமா, எத்தனை வெடி எடுத்தார்கள் என்று எண்ணினால் இந்த வேலை எப்போதும் சோம்பலாகத்தான் தெரியும். எவ்வளவு நிலம் உழவுக்குத் திரும்பியது என்று பாருங்கள். ஒரே ஒரு வெடி இருக்கலாம் என்ற சந்தேகம் போதும், பத்து ஏக்கர் கொல்லை தரிசாகிவிடும். அதனால் நல்ல அமைப்புகள் தோண்டுவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய் விசாரிக்கின்றன. மாடு மேய்ப்பவர் எந்த வழியில் போகிறார், யாருக்கு எங்கே கால் போனது, சண்டையின்போது எந்தப் படை எங்கே நின்றது என்று கேட்டுக் கேட்டே, தோண்டாமலே நிறைய நிலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். செலவும் குறைவு. மட்டக்களப்பு மாவட்டத்தில் வெடி அகற்றும் வேலை 2017-ல் முடிந்ததாக அறிவித்தார்கள். அதே வருடம் இலங்கை, மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. எல்லா வெடியையும் எடுத்து முடிக்கக் கெடு 2028 ஜூன். இந்தியா இன்னும் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் நமக்குச் சம்பந்தம் இல்லாத வேலை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2002-க்குப் பிறகு பிரிட்டனின் ஹாலோ, மேக் என்ற வெடி அகற்றும் அமைப்புகளோடு, இந்திய ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களின் ஹொரைசன், சர்வத்ரா அமைப்புகளும் அங்கே இறங்கி வேலை செய்தன. மேலத்தெரு பெரியப்பா பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்தவர். 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் நம் மேற்கு எல்லையில் வெடி புதைத்ததைப் பற்றிப் பேசினால், "போட்டது சில வாரம், எடுத்தது வருஷக்கணக்கு" என்பார். அதுவும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே. பாம்பாறு அணை இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்களிடம் ஊர் திரும்புவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், "எங்கட காணியில மிதிவெடி எடுத்து முடிச்சிட்டாங்களாமா?" என்ற கேள்வி தானாக வரும்.

காசு விஷயம். இந்த அமைப்புகளின் பெரும் பணம் அரசாங்கங்களிடமிருந்து வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் வெடி அகற்றும் வேலையும் அதில் மாட்டியது. நாம் கொடுப்பது அந்த ஓட்டையை அடைக்காது, உண்மை. ஆனால் செலவில் பெரும்பகுதி உள்ளூர் ஆட்களின் சம்பளம். வடக்கில் முள்வாரி பிடிப்பவர்களில் பெண்கள் நிறைய. கணவனைச் சண்டையில் இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்களும் அவர்களில் உண்டு. கால் இழந்த குழந்தையின் படத்தை மட்டும் போட்டுக் கேட்பவர்களுக்குக் கொடுக்காமல், எத்தனை சதுர மீட்டர் ஒப்படைத்தோம் என்று ஆண்டறிக்கையில் போடுபவர்களுக்குக் கொடுப்போம். டாஷ், ஷார்ப் என்ற இலங்கை அமைப்புகளையும் பார்க்கலாம்.

ஆனால் ஊர்க் கணக்கு வழியாக அனுப்ப வேண்டாம். நம்மில் சிலர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டோம். எங்கள் பணம் சங்கக் கணக்கில் விழுந்தாலே எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பிரச்சினை வரும். அவரவர் நாட்டிலிருந்து நேராகக் கொடுப்பதே சுலபம். பிரிட்டனில் வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்டு கட்டத்தில் டிக் அடித்தால் ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசு சேர்த்துக் கொடுக்கும்.

அப்போது சங்க நிதி? அதற்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. காட்டுப் பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைப் பிள்ளைகளும் மாடுகளும்கூட எடுத்துவிடலாம். இலங்கைப் பள்ளிகளில் மிதிவெடி பற்றிச் சொல்லித்தருவது மூன்றே விஷயம்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல். அதையே நம் பள்ளியிலும் படம் வரைந்து மாட்டலாம், ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கலாம். பெரியப்பா பேச வருகிறேன் என்று சொல்லிவிட்டார். தலைமையாசிரியரிடம் தேதி கேட்பதை ஒசூர் மாமா பார்த்துக்கொள்ள முடியுமா? நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்.