கேற்றில இருந்து வீடு வரைக்கும் இன்ரலொக் கல் பதிக்கப் போறம், களி மண்ணுக்கு என்ன செய்யலாம்?

மல்லாவிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட வளவு மல்லாவிப் பக்கம். கேற்றில இருந்து விறாந்தை வரைக்கும் ஒரு 600 சதுர அடி வரும், அதுக்கு இன்ரலொக் கல் பதிப்பம் எண்டு அப்பா ஒரே பிடியா நிக்கிறார். மண் கறுத்த களி. மாரி துடங்கினா மோட்டச்சைக்கிள உருட்டக்கூட ஏலாது, செருப்போட சேர்ந்து அரைவாசி முத்தமும் வீட்டுக்க வந்திடும், கோடையில அதே இடம் கை போற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். அறுவடை நேரம் நெல்லு மூட்டையோட உழவு மெசின் பெட்டி உள்ளுக்க வந்து திரும்பவும் வேணும்.

ரெண்டு பேரிட்ட கேட்டனாங்கள். ஒராள் மேல் மண்ண வழிச்சுப்போட்டு மணல் பரவிக் கல்லு வைச்சாக் காணும் எண்டுறார், மற்றவர் அடியில 3 இஞ்சிக்குக் கொங்கிறீற் போட்டு அதுக்கு மேல சீமெந்துக் கலவையில கல்ல ஒட்டோணும் எண்டுறார். ரெண்டுக்கும் காசு மலைக்கும் மடுவுக்கும். கல்லு 60 மில்லி எடுக்கிறதோ 80 எடுக்கிறதோ? அம்மாவுக்குச் சிவப்புக் கல்லு விருப்பம். அதில நெல்லும் காயப் போடலாமோ? ஐப்பசி மழைக்கு முதல் முடிக்கலாம் எண்டு பாக்கிறம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கிளிநொச்சி மேசன்:

தம்பி, ரெண்டு பேர் சொன்னதும் உங்கட மண்ணுக்குச் சரிவராது. துணுக்காய், மல்லாவிப் பக்கம் இருக்கிற கறுத்த மண் மன்னார் முருங்கன் பக்கத்து மண்ணின்ர இனம், தண்ணி பட்டா ஊதும், காய்ஞ்சாச் சுருங்கும், வருசா வருசம் அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வெறும் மணலுக்கு மேல கல்லு வைச்சா முதல் மாரியிலயே சில்லுப் போற தடம் ரெண்டும் பள்ளமாப் போயிடும். கம்பி இல்லாத 3 இஞ்சிக் கொங்கிறீற்றும் களி ஏறி இறங்கேக்க வெடிக்கும், அந்த வெடிப்பு மேல ஒட்டின கல்லிலயும் வரும், பிறகு உடைச்சுத்தான் எடுக்கோணும். இன்ரலொக் கல்லின்ர நன்மையே நிலம் கொஞ்சம் அசைஞ்சாலும் தானும் சேர்ந்து அசைஞ்சு நிக்கிறதுதான், அத சீமெந்தில ஒட்டினா அந்த நன்மை இல்லாமப் போயிடும்.

உங்கட காசு போகவேண்டிய இடம் கல்லுக்குக் கீழதான். 12 இஞ்சி தோண்டுங்கோ. அடியக் கொம்பக்ரர் போட்டு இறுக்கி, களிக்கும் கிறவலுக்கும் இடையில ஜியோ ரெக்ஸ்ரைல் துணி (தண்ணிய விடும், மண்ண விடாது) விரிக்கோணும், இல்லாட்டி மாரியில களி மேல ஏறிக் கிறவலோட கலந்திடும், அதோட போட்ட அடித்தளம் முழுக்க வீண். துணிக்கு மேல 4 இஞ்சிக் கிறவல், அதுக்கு மேல 4 இஞ்சி ஏபிசி, அதுதான் சல்லியும் கல்லுத் தூளும் கலந்தது. இது இறுகின பிறகு வாற கணக்கு, அப்ப 600 சதுர அடிக்கு ஒவ்வொண்டும் 2 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), இறுகேக்க குறையும் எண்டபடியா ரெண்டரையா எடுங்கோ. 8 இஞ்சியையும் ஒரேயடியாக் கொட்டிப்போட்டு மேல மட்டும் மெசின் ஓட்டினா உள்ளுக்க இறுகாது. 4 இஞ்சிக்கு ஒருக்கா, லேசாத் தண்ணி தெளிச்சு இறுக்கோணும். பக்கத்தில நிண்டு பாருங்கோ, ஏனெண்டா மூடின பிறகு ஆரும் பாக்கேலாது.

மேல 1 இஞ்சிக்குப் பருமன் மணல். நைஸ் குவாரி டஸ்ற் மலிவெண்டு போடுவினம், அது தண்ணியப் பிடிச்சு வைச்சிருந்து சில்லு ஏறேக்க இடைவெளியால சேறாக் கக்கும். கடற்கரை மணலும் வேண்டாம், உப்பு. மேடு பள்ளத்த மணலக் கூட்டிக் குறைச்சுச் சரிக்கட்ட விடாதேங்கோ, மட்டம் ஏபிசியிலயே வந்திருக்கோணும்.

கல்லு 80 மில்லிதான். காரும் மோட்டச்சைக்கிளும் மட்டும் எண்டா 60 காணும், மூட்டை ஏத்தின பெட்டி அந்த இடத்தில திரும்பும் எண்டுறியள். மீன்முள்ளு டிசைனில வையுங்கோ, நேர் வரிசையில வைச்சா சில்லுத் திரும்பேக்க வரிசையே நகரும். ரெண்டு பக்கமும் கேர்ப் கல்லு, அதுதான் ஓரக் கல்லு, கொங்கிறீற்றில இறுக்கி நிக்கோணும், ஓரம் இல்லாத வேலை ரெண்டு வருசத்தில வெளியால விரியும். வாட்டம் வீட்டுப் பக்கம் இல்லாம வாய்க்கால் பக்கம், அடிக்குக் கால் இஞ்சி விழுந்தாக் காணும்.

8க்கு 4 இஞ்சிக் கல்லெண்டா சதுர மீற்றருக்கு 50 வரும், உங்கட இடத்துக்கு 2800 வரை. மீன்முள்ளுக்கு ஓரத்தில வெட்டுக் கூட, அதால 3000 எடுங்கோ. மிச்சம் நிண்டா வீசாதேங்கோ, பிறகு மாத்தத் தேவைப்படும்.

முருங்கன் கமக்காரன்:

அண்ணை சொன்னது அவ்வளவும் சரி. இந்த மண்ணில வளந்தவன் எண்ட முறையில நான் சொல்ல வாறது தண்ணியப் பற்றித்தான். கூரைத் தண்ணி கல்லு ஓரத்தில விழுந்து தேங்கினா அந்தப் பக்கம் களி ஊதும், மற்றப் பக்கம் காய்ஞ்சு நிக்கும், கல்லு அலையா எழும்பும். எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டில நல்ல கல்லு, நல்ல ஓரம், எல்லாம் போட்டும் பீலித் தண்ணிய நேர அதில விட்டவை. இப்ப அந்த மூலையில ஒரு சாண் அகலத்துக்குக் கல்லெல்லாம் வாய் பிளந்து நிக்குது, மற்ற இடம் ஒண்டும் ஆகேல்ல. பீலியக் குழாய் பிடிச்சு வாய்க்காலுக்குக் கொண்டு போங்கோ. கல்லுக்குப் பக்கத்தில வாழைப் பாத்தியும் வேண்டாம், பெரிய மரம் நிண்டா வேருக்கு இடம் விட்டு வளைச்சுக்கொண்டு போங்கோ.

நெல்லு கல்லில நேர போடாதேங்கோ தம்பி. இடைவெளி மணல் நெல்லோட ஏறும், கூட்டக் கூட்ட மணலும் போகும், மில்லில கல்லு கிடக்கெண்டு விலையக் குறைப்பாங்கள். படங்கு விரிச்சுப் போட்டா ஒரு பிரச்சினையும் இல்லை. உழவு மெசினுக்கு வயலில போடுற இரும்புச் சில்லோட உள்ளுக்க ஏற விடாதேங்கோ, கேற்றடியிலயே கழட்டுங்கோ, கல்லின்ர விளிம்பெல்லாம் உடைச்சுப்போடும்.

இன்னொண்டு. பெரிசா வெட்டாத வளவெண்டா தோண்டேக்க கவனம். பழைய இரும்புச் சாமான் எதும் தட்டுப்பட்டா மண்வெட்டியால தட்டிப் பாக்கவேண்டாம், அப்பிடியே விட்டுட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கோ. கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச இடம் எண்டாலும் எங்கட பக்கம் இது சொல்லித்தான் ஆகவேணும்.

வவுனியா அக்கா:

எங்கட வீட்டில பதிச்சுக் கன வருசம், கல்லு வாங்கிறதையும் பராமரிக்கிறதையும் நான் சொல்லுறன். யாட்டுக்குப் போய் ரெண்டு கல்லெடுத்து ஒண்டோட ஒண்டு தட்டிப் பாருங்கோ, நல்ல கல்லு கணீர் எண்டு கேக்கும், தரமில்லாதது தொப்பெண்டு கேக்கும். ஆணியால கீறினா மாவா உதிரக்கூடாது. ஒரு கல்ல வீட்ட கொண்டுவந்து நிறுத்துப்போட்டு ஒரு நாள் வாளித் தண்ணிக்க விட்டுத் திரும்ப நிறுங்கோ, 80 மில்லிக் கல்லு 4 கிலோவுக்குக் கிட்ட வரும், அது கால் கிலோவுக்கு மேல தண்ணி குடிச்சா அந்த யாட்டை விடுங்கோ. வார்த்து 28 நாள் ஆன கல்லோ எண்டும் கேளுங்கோ, அவசரத்துக்குப் பச்சைக் கல்லு ஏத்தி அனுப்புறவையும் இருக்கினம்.

அம்மாவின்ர சிவப்பு வடிவுதான், ஆனா வைகாசி வெய்யிலுக்கு வெறுங்காலோட நடக்கிறது அவதான். கடும் நிறக் கல்லு மற்றதவிடக் கூடச் சுடும். நடுவில சாம்பல், ஓரத்தில மட்டும் ரெண்டு வரி சிவப்பு வைச்சா அவவின்ர ஆசையும் நிறைவேறும். ஒரு கல்ல உடைச்சுப் பாத்து நிறம் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கெண்டும் பாருங்கோ.

முதல் மாதங்களில வெள்ளையாப் பூக்கும், பயப்பிடாதேங்கோ. சீமெந்தில இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோட மேல வந்து காத்துப் பட்டு வெள்ளையா நிக்கிறது அது, மழை வெய்யில் பட மெல்ல மெல்லப் போகும். அதுக்கு அசிட் ஊத்தச் சொல்லுவினம், ஊத்தினா கல்லின்ர மேல் தோல் அரிச்சு மணல் மணலாத் தெரியும், பிறகு பாசி இன்னும் கெதியாப் பிடிக்கும். பாசிக்கு கட்டித் தும்புத்தடியும் சவுக்காரத் தண்ணியும் காணும். பிரசர் மெசின் அடிக்கிறதெண்டா சரிச்சு, விலத்திப் பிடியுங்கோ, இடைவெளிக்கு நேர அடிச்சா மணல் முழுக்க வெளியில. புல்லு அடியில இருந்து வாறதெண்டு நினைக்கிறம், அனேகமா காத்தில வந்த விதை இடைவெளித் தூசியில முளைக்கிறது, கிழமைக்கு ஒருக்காக் கூட்டினா பாதி குறையும். மாரிக்கு முதல், நல்ல காய்ஞ்ச நாளில, காய்ஞ்ச நைஸ் மணலக் கொட்டிக் கூட்டி இடைவெளிய நிரப்பி விடுங்கோ. ஈர மணல் உள்ளுக்க இறங்காது. எங்கயும் ஒரு கல்லு பதிஞ்சா அத மட்டும் கிளப்பி, அடியில மணல் போட்டுத் திரும்ப வைக்கலாம்.

மல்லாவிப் பெடியன்:

எல்லாருக்கும் கனக்க நன்றி. படங்குக் கதை அப்பாவுக்குச் சொல்லிட்டன், ஒத்துக்கொண்டிட்டார். அம்மாவும் ஓரத்துக்குச் சிவப்பெண்டா சரி எண்டுறா. 12 இஞ்சி தோண்டிற வேலை எண்டா ஐப்பசிக்குள்ள முடியுமோ எண்டுதான் யோசினை. அரைவாசியில மழை வந்தா?

கிளிநொச்சி மேசன்:

வந்தா அந்தக் குழி குளமா நிக்கும், அடிக் களி கூழாகி மாசி வரைக்கும் கொம்பக்ரர் ஏத்தேலாது. இப்ப தோண்டாதேங்கோ. வாய்க்காலையும் பீலிக் குழாயையும் மட்டும் இப்ப செய்து வையுங்கோ, அது எப்பிடியும் தேவை. ஐப்பசி கார்த்திகையில தண்ணி எந்தப் பக்கத்தால ஓடுது, எங்க தேங்குது எண்டு பாத்துக் குச்சி அடிச்சு வையுங்கோ, வாட்டம் அதுக்குத் தக்கதாப் பிடிப்பம். மழை விட்டு, மண் கையில பிடிச்சா உருண்டையா நிக்கும், ஆனா கையில ஒட்டாது எண்ட பதத்தில தோண்டுங்கோ, அனேகமா மாசி கடைசி பங்குனி வரும். சித்திரை வைகாசி மட்டும் இழுக்காதேங்கோ, வெடிச்ச மண்ணுக்கு மேல போட்டா அடுத்த மாரியில அது ஊதித் தூக்கும். காலபோக அறுவடைக்குப் பெட்டி வந்து போறதும் அதுக்குள்ள முடிஞ்சிடும், புதுக் கல்லில உடன பாரம் ஏத்தத் தேவையில்லை.