போரில் போனவர்களை உங்கள் வீட்டில் எப்படி நினைக்கிறீர்கள்? ராமநாதபுரம் கடற்கரை அனுபவங்கள்

உச்சிப்புளியிலிருந்து

முதல் உலகப்போர் முடிஞ்ச பிறகு வெள்ளைக்காரன் நம்ம நாட்டுல பல கிராமங்கள்ல ஒரு பலகைக்கல் பதிச்சு வச்சான். "இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்" என்று இருக்கும். அவ்வளவுதான். யார் போனார், யார் மகன், என்ன பெயர், ஒன்றும் இருக்காது. அந்த மாதிரிக் கல்லின் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும். எண்ணத் தெரிந்தவனுக்குப் பெயரை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நம்ம கடற்கரையில் அந்தக் கல்கூட இல்லாத வீடுகள்தான் நிறைய. நம்ம ஆட்கள் இங்கே சாகவில்லை. மலாயா, பர்மா, சயாம், நடுக்கடல் என்று எங்கெங்கோ போனார்கள், உடம்பு ஊருக்கு வரவில்லை. அதனால் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை, உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறேன். எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்கிறேன்.

எங்க அய்யாவோட (அப்பாவைப் பெற்றவர்) அண்ணன் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) மூலமா மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். ஒழுங்காகக் கடிதம் வரும், பணமும் வரும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அதோடு தபாலும் நின்றது, பணமும் நின்றது. போர் முடிந்து, அதே தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்பிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறான். சம்பளம் தருவான், கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனானாம். 1943 மழைக்காலத்தில் அந்தக் காட்டு முகாம்களில் காலரா பரவியது. பெரியய்யா அதில்தான் போனார் என்றார் வந்தவர். எந்த முகாம், எந்தத் தேதி என்று அவருக்கும் தெரியவில்லை.

பெரிய அப்பத்தா தாலியைக் கழற்றவில்லை. சொந்தக்காரர்கள் வந்து எடுத்துச் சொன்னபோது, "எலும்பைக் கொண்டாந்து காட்டுங்க, கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள். சாகும்வரை அந்தத் தாலியோடுதான் இருந்தாள். ஊரும் அதற்கு மேல் அவளை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊர்மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

திதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் கணக்கு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைப்போம். அப்பா இருந்தவரை அவர் செய்தார், இப்போது நான். பெரிய அப்பத்தா இருந்தவரை வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். அவளுக்குத் தெரியாமல்தான் செய்தோம். தெரிந்தே சும்மா இருந்தாளோ என்னவோ, கரையிலிருந்து வந்ததும் சாப்பாடு தயாராக இருக்கும்.

திருவாடானையிலிருந்து

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஐயா கேட்டது பழைய காலத்துக் கதை, நான் சொல்வது நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம்ம வீரர்கள் 20 பேர் உயிர் விட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் தாலுகாவின் கடுக்கலூர்க்காரர், 81ஆவது பீல்டு ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள். உடல் சொந்த ஊருக்கே வந்து, அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. கொரோனா ஊரடங்கு நேரம் அது. முகக்கவசத்தோடு சாலையோரம் நின்ற சனத்தைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது: உடம்பு ஊருக்கு வருவது எவ்வளவு பெரிய ஆறுதல். உச்சிப்புளி ஐயாவின் அப்பத்தாவுக்கு அது கிடைக்கவில்லை.

ராணுவம் பெயரை விடாது. பட்டாலியன், நம்பர், பதவி எல்லாம் ஏட்டில் இருக்கும். 2019இல் தில்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கூலியாகப் போனவனுக்குத்தான் ஏடு கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் சாயல்குடி

கப்பல் பட்டறையில் வேலை. அண்ணன் சொன்ன கூலி, சிப்பாய் வித்தியாசத்தை நான் இரண்டு நாட்டில் கண்ணால் பார்த்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே கிராஞ்சியில் போர்க்கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் செத்து, சமாதி எங்கே என்றே தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயரை அங்கே சுவர் சுவராக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ரெஜிமென்ட் வாரியாகப் போய் இந்தியப் படைகள் இருக்கும் பகுதியில் நின்று படித்தேன். முத்து, பெருமாள் மாதிரி நம்ம பெயர் வரும்போதெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தாலும் படித்திருப்பேன். இதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசு கட்டாமல் தேடலாம். சிலருக்கு அப்பா பெயரும் ஊரும்கூடப் போட்டிருப்பார்கள். கூடுதல் விவரம் தேடும் கட்டத்தில் நம்ம மாவட்டத்தைப் பழைய முறைப்படி ராம்நாட் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர் யாராவது இருந்தால் இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

ஆனால் நேதாஜி படையில் சேர்ந்தவர் அந்தச் சுவரில் இருக்க மாட்டார். அவர்களுக்கு எஸ்பிளனேட் கடற்கரையில் ஒரு சின்னம் எழும்பியது. 1945 ஜூலை 8 அன்று நேதாஜியே அடிக்கல் வைத்தார். செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அதைத் தகர்த்துவிட்டான். 1995இல்தான் அந்த இடத்தைக் குறித்து சிங்கப்பூர் அரசு ஒரு பலகை வைத்தது. எங்கள் பக்கத்தில் தியாகி பென்ஷன் வாங்கிய தாத்தாக்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே ஊரில் பிரிட்டிஷ் பட்டாளத்து பென்ஷன் வாங்கியவரும் இருந்தார். இரண்டு பேரும் ஒரே டீக்கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஒரே ஊர் ஆள் ஒருத்தன் சுவரில், ஒருத்தன் உடைத்த கல்லில். ஊரில் அவர்களுக்குள் அந்தப் பிரிவினை இருந்ததில்லை, நாம் ஏன் வைக்க வேண்டும்?

விடுமுறையில் தாய்லாந்து போனபோது காஞ்சனபுரிக்கும் போனேன். உச்சிப்புளி ஐயா சொன்ன அதே ரயில் பாதை. நட்ட நடு ஊரில் போர்க்கல்லறை. ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல், புல்வெளி, பூச்செடி. பார்க்க மனசு நிறைகிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கைதிகளைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியக் கூலிகள், அதில் தமிழர் ஏராளம். அவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே கல் இல்லை. மலேசியத் தமிழர்கள் விடாமல் பாடுபட்டு, அதே ஊரில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் சில வருடத்துக்கு முன் அவர்களுக்காக நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நமக்குச் சங்க காலத்துப் பழக்கம்தானே. ஐயா, உங்கள் பெரியய்யாவுக்கு எள்ளுத் தண்ணீர் இறைப்பது போதும், குறையொன்றும் இல்லை. ஆனால் முடிந்தால் ஒருமுறை அந்தக் கல்லையும் போய்ப் பாருங்கள்.

மண்டபம் முகாமிலிருந்து

எல்லாவற்றையும் வாசிச்சன். நான் எழுதலாமோ எண்டு யோசிச்சுத்தான் எழுதுறன்.

நாங்கள் மன்னார்ப் பக்கம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபோது வள்ளத்தில வந்தனாங்கள். இரவில ஏத்திக்கொண்டு வந்த ஓட்டி, தனுஷ்கோடிக் கரைக்கு வராமல் இடையில இருக்கிற மணல் தீடையில (மணல் திட்டில) இறக்கிவிட்டுப் போட்டான். விடியும்வரை அங்க நிக்கச் சொன்னவன். கடல் ஏறினபோது தீடையின் விளிம்பு கரைஞ்சு போச்சு. தம்பி அப்பாவின் கையிலதான் இருந்தவன். அதற்கு மேல எழுத ஏலாது.

காலையில மீன்பிடிக்கப் போன ராமேஸ்வரம் ஆட்கள்தான் எங்களைக் கரை சேர்த்தவை. அவையளின் பெயர் தெரியாது, அதுவும் எனக்குப் பெரிய குறை. பிறகு பதிவு நடந்தது. வந்து சேர்ந்தவர்களைத்தானே பதிவார்கள், எங்கட குடும்பத்துக்கு நாலு பேர் எண்டு எழுதினார்கள். ஊரில இருந்த பதிவில ஐந்து. தம்பி அங்கத்தைய செத்தவர் கணக்கிலும் இல்லை, இங்கத்தைய வந்தவர் கணக்கிலும் இல்லை. சிங்கப்பூர்த் தம்பி கூலிகளைப் பற்றி எழுதினதை வாசிக்கேக்க எனக்கு அதுதான் நினைவு வந்தது.

அம்மா அவன்ர பிறந்தநாளைத்தான் வைப்பா, இறந்த நாளை இல்லை. பால் பொங்கல் செய்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுப்பா. வருஷா வருஷம் வயசையும் சரியாச் சொல்லுவா. மே மாதம் 18இல் கஞ்சி. அரிசி, தண்ணி, உப்பு மட்டும். 2009இல் முள்ளிவாய்க்காலில் சனம் குடிச்சு உயிர் தப்பின கஞ்சி அது. எங்கட பெரியம்மா குடும்பம் அதுக்குள்ளதான் அகப்பட்டது. பெரியம்மா தப்பினா, மகனைக் காணவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில தாய்மார் படங்களோட ரோட்டோரம் குந்தினார்கள் எல்லோ, அதில அவவும் இருந்தா. நினைவு கொள்ளுறதுக்கு முதல் "செத்துப்போனான்" எண்டு ஒத்துக்கொள்ள வேணும். அவ இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல. உச்சிப்புளி அப்பத்தாவின்ர தாலியும் பெரியம்மாவின்ர படமும் ஒண்டுதான்.

உச்சிப்புளியிலிருந்து

தங்கச்சி, உங்கள் தம்பிக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். அவர் பெயரை எழுதுங்கள். தை அமாவாசைக்குச் சேதுக்கரையில் பெரியய்யா பெயரோடு சொல்கிறேன். நீங்கள் வேறு மார்க்கமாக இருந்தால் தப்பாக எடுக்க வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து

எங்க வீட்டிலேயும் 1942தான். அப்பாவோட தம்பி ரங்கூனில் கடை வைத்திருந்தவர் (எங்கள் ஊரில் தாத்தாவை அப்பா என்போம், தகப்பனார் வாப்பா). 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்த லட்சக்கணக்கான பேரில் அவரும் ஒருவர். கப்பலில் இடம் கிடைத்தவர் கொஞ்சம்தான். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர், அசாம் பக்கமாகவும் நடந்தே வந்தார்கள். கூட வந்தவர்கள் ஊர் சேர்ந்தார்கள், இவர் சேரவில்லை. துப்பாக்கிக் குண்டு பட்டுச் சாகவில்லை என்பதால் இவர்களைப் போரில் போனவர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பசியும் பேதியும் போரில்லாமல் வந்ததா?

மையித்து (இறந்தவர் உடல்) இல்லாமல் ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழுவதற்கு எங்கள் மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) வழி இருக்கிறது, காயிப் ஜனாஸா என்போம். சேதி உறுதியானதும் பள்ளிவாசலில் தொழுதார்களாம். கபுர் (அடக்கத்தலம்) இல்லாததால் ஜியாரத்துக்கு (கபுரைப் பார்த்து ஓத) போக இடமில்லை என்று அவரைப் பெற்ற பெத்தும்மா ரொம்பத் தவித்திருக்கிறார். அதனால் ஏர்வாடிக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அடங்கியிருக்கும் சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீதும் அவரோடு வந்தவர்களும் பாண்டிய மன்னனோடு நடந்த போரில் ஷஹீதானவர்கள் (உயிர்த்தியாகம் செய்தவர்கள்) என்பது வழிவழியாக வரும் வரலாறு. எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டவன் வாரிசு என்று பார்க்காமல் இந்து, முஸ்லிம் எல்லாரும் சந்தனக்கூட்டுக்குக் கூடுகிறோம். சேதுபதி மன்னர்கள் மானியம் விட்ட தர்கா அது. பெத்தும்மா பெரிய கபுர் பக்கம் அதிகம் நிற்க மாட்டாராம். ஓரத்தில் பெயர் தெரியாத சுஹதாக்களின் (ஷஹீதானவர்களின்) கபுர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து யாசீன் (குர்ஆன் அத்தியாயம்) ஓதுவார். "இவங்களுக்கும் எங்கேயோ ஒரு உம்மா இருந்திருப்பா, என் புள்ள அடங்கின இடத்துல யாரோ ஓதட்டும்" என்பார். உம்மா இப்போதும் அதே இடத்தில்தான் ஓதுகிறார். நானும்.

தங்கச்சிமடத்திலிருந்து

2009இல் போர் முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2017 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கடலில் தொழில் பார்க்கும்போது சுடப்பட்டுச் செத்தான். இருபத்திரண்டு வயது. நாள்கணக்கில் ஊரே பந்தலில் உட்கார்ந்திருந்தது. இதைப் போர்ச்சாவு என்று சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். துப்பாக்கி வந்தது போரினால்தான், எல்லைக்கோடு வந்தது அரசுகளால்தான், கடலுக்குப் போனது சோற்றுக்குத்தான். என்னைப் பொறுத்தவரை சேர்க்க வேண்டும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முதல் நாளே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, வெள்ளையடித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்துவிடுவோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். உடம்பு கிடைக்காமல் கடலோடு போனவர்களின் குடும்பம் எங்கே நிற்கும்? அவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் திரி ஏற்றுவார்கள். வருஷா வருஷம் அங்கே கூட்டம் அதிகம். பூசையில் வாசிக்கச் சொல்லி இறந்தவர்களின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுப்போம், ஒன்றுவிடாமல் வாசிப்பார்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் எழுந்து போக மாட்டோம்.

மண்டபம் அக்கா, எங்க அப்பாவும் 1990இல் தீடையில் நின்றவர்களை ஏற்றி வந்திருக்கிறார். உங்களையா என்று தெரியாது. எத்தனையோ நடை போனாராம். அப்படி ஏற்றும்போது தவறிப்போனவர்களைப் பற்றி அவர் வீட்டில் பேசவே மாட்டார், ஆனால் சிலுவையடியில் தனியாக ஒரு திரி வைப்பார், யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். உங்கள் தம்பி பெயரை எழுதுங்கள், வீட்டுப் பெயரோடு. உங்களுக்குத் தெரிந்து அந்த வருடம் கடலில் தவறிய வேறு யார் இருந்தாலும் சேர்த்து எழுதுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். நீங்கள் வர முடிந்தால் பாம்பன் பஸ் ஸ்டாப்பில் நான் வந்து கூட்டிப்போகிறேன், அம்மாவையும் அழைத்து வாருங்கள்.