மழைக்குப் பிறகு பூவின் நடு இலை மட்டும் வாடுது: பூஞ்சணமோ?

ரொறன்ரோ. பின்வளவில சட்டப்படி 4 கஞ்சாச் செடி. செப்டெம்பர் கடைசி, மூண்டு நாள் விடாத மழை. உச்சிப் பூவில ஒரேயொரு சின்ன இலை மஞ்சளாகி வாடி நிக்குது, சுத்திவர எல்லாம் பச்சை. கீழ் இலைகளில மாப் பூசின மாதிரி வெள்ளை. இரண்டும் ஒரே நோயோ? அறுவடைக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு.

பதில்: இல்லை, வேற வேற. இலையின்ர மேல்பக்கத்தில விரலால தேய்க்க அழியிற வெள்ளை, சாம்பல் நோய். அதுக்கு இலை நனையவே தேவையில்லை. அவசரம் மற்றதுதான். அந்த மஞ்சள் இலையை மெல்ல இழுத்துப் பாருங்கோ. பிடிப்பில்லாமல் கையோட வந்தால், அடியில மண்ணிறமாக் கனிஞ்சு இருந்தால், பொட்ரைட்டிஸ் எண்ட, பூவை அழுகப் பண்ணுற பூஞ்சணம் உள்ளுக்க வந்திட்டுது. பூவை விரிச்சால் நடுத்தண்டில சாம்பல் நிறப் பஞ்சு தெரியும். வெளியில தெரியேக்க உள்ள பாதி அழுகியிருக்கும். 15 முதல் 25 பாகை வெப்பம், மணிக்கணக்கில காயாத ஈரம் அதுக்குப் போதும்.

கேட்டவர்: இலை அப்படியே கழண்டு வந்திட்டுது. உள்ள மண்ணிறம். ஹைட்ரஜன் பெரொக்சைட்டில கழுவினால் தப்புமோ?

பதில்: தப்பாது. அது மேற்பரப்பை மட்டும்தான் கழுவும், தண்டுக்குள்ள போன பூஞ்சணத்தைத் தொடாது. செடியை உலுப்பாமல் முதல்ல பூவை ஒரு பையால மூடுங்கோ, பிறகு அழுகல் முடியிற இடத்துக்கு ஓரங்குலம் கீழ வெட்டுங்கோ. பையை மற்றச் செடிகளுக்கு மேலால கொண்டு போகாதேங்கோ, வித்திகள் கொட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோலில துடையுங்கோ. வெட்டினதில "நல்ல பாதி" எண்டு ஒண்டும் வைக்காதேங்கோ. பூஞ்சணம் பிடிச்ச பூவைப் புகைக்கிறது நுரையீரலுக்குக் கேடு, நோயெதிர்ப்புக் குறைஞ்ச ஆளுக்கு உயிராபத்து.

இன்னொரு பதில்: அந்தப் பூவுக்குள்ள கரு மணி மாதிரிப் புழு எச்சம் இருக்கோ எண்டும் பாருங்கோ. புழு குடைஞ்ச ஓட்டையிலதான் பல நேரம் அழுகல் தொடங்கும். அடுத்த வருசம் பூ வர முன்னமே Bt மருந்து (புழுவைக் கொல்லுற பக்டீரியா மருந்து) அடியுங்கோ. இப்ப பூவில ஒண்டும் அடிக்காதேங்கோ.

மிச்ச நாளுக்கு: நாலு கம்பு நட்டு மேல மட்டும் பொலித்தீன் கட்டுங்கோ. பக்கங்களை மூடினால் உள்ள புழுங்கி மழையை விட மோசமாகும். உள்நோக்கி வளர்ந்த இலைகளையும் வெளிச்சம் படாத கீழ்க் கொப்புகளையும் எடுங்கோ. அழுகல் இல்லாத செடியை மட்டும் விடியப்புறம் மெல்ல உலுப்பிப் பனியை விழுத்துங்கோ. தண்ணி காலமை, அடியில மட்டும்.

கேட்டவர்: இப்பவே எல்லாத்தையும் வெட்டட்டோ?

பதில்: 60 மடங்கு லென்சால பூவில இருக்கிற பிசின் மயிர்களைப் பாருங்கோ. தலை பால் நிறமாயிருந்தால் வெட்டலாம். இன்னும் கண்ணாடி போலத் தெளிவெண்டால் பொறுக்கலாம், ஆனால் இரண்டாவது பூவிலயும் அழுகல் கண்டால், மேலும் மழை எண்டும் சொன்னால், காத்திருக்காதேங்கோ. பெரிய பூக்களைச் சின்னனாப் பிரிச்சு, 18 பாகை, 55 முதல் 60 வீத ஈரப்பதனில தொங்கவிடுங்கோ. ஃபான் காத்து சுவரில பட்டுத் திரும்பட்டும், பூவில நேராப் படவேண்டாம். மெல்லிய கொப்பு வளையாமல் முறிஞ்ச பிறகுதான் போத்தலில அடைக்கவேணும்.